தில்லை ஒன்றும் இரண்டாயிரம் பிள்ளையார் சுழிகளும்

திரை முழுக்கப் பிள்ளையார் சுழி. வரிக்கு எண்பது வீதம் இருபத்தைந்து வரிகள். பச்சைப் பசேலென்று, நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை பிசகாமல் நின்றன.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடி ஹால் அது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. கேசரி கூட நன்றாகத்தான் இருந்தது.

மேசை மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன் மேல் கணினியை வைத்து, கணினிக்கு மாலை போட்டுக் குங்குமமும் இட்டிருந்தார் எங்கள் முதலாளி சபாநாயகம். எதிரே ஐந்து அதிகாரிகள். கணினியை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்த கமிட்டி. முதலாளி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். பிள்ளையார்கள் வந்துவிட்டார்கள்.

"இத யாரு பண்ணது?" என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி.

இந்தக் கேள்விக்கு எங்கள் முதலாளி தம் வாழ்நாளில் இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறார். முதல் முறை, என் கல்யாணத்துக்கும் முன்னால், அந்த ஹாலில். இரண்டாவது முறை போன மாதம் சிதம்பரத்தில். இரண்டும் வேறு வேறு பதில்கள். இரண்டையும் நேரில் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

போன வாரம் வீட்டுப் பிளான் வரைந்த கதையை எழுதியதற்கு, 'உங்கள் தொடரில் கழிவறை ஜாஸ்தி வருகிறது' என்று ஒரு வாசகர் கோபித்து எழுதியிருந்தார். இந்த வாரம் முழுக்கப் பிள்ளையார். திருப்திதானே?

எழுத்துருவின் தந்தை

எங்கள் சர்ச் பங்கின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு மரண அறிவிப்புக்கும் ஒரு காலை வணக்கப் பூங்கொத்துக்கும் நடுவில் அந்த அழைப்பிதழ் வந்து விழுந்தது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பழைய கணினிகளின் கண்காட்சி. சிறப்புக் காட்சிப்பொருள், நம் மண்ணில் உருவான 'தில்லை ஒன்று' கணினி. அதன் தமிழ் எழுத்துகளை வடிவமைத்த 'எழுத்துருவின் தந்தை' திரு. சபாநாயகம் நேரில் வருகிறார்.

தந்தை என்றால் தந்தையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பெற்றவள் கடலூர் முதுநகரில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

அந்த எழுத்துகளை வரைந்தவள் நான். அ முதல் னௌ வரை, கொம்பு, கால், புள்ளி உட்பட. எனக்குப் பொன்னாடை வேண்டாம். நினைவுப் பரிசாகத் தரும் அந்தக் கண்ணாடிக் கோபுரமும் வேண்டாம், வீட்டில் துடைக்க ஆள் இல்லை. என் பெயர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லை என்றதும் வயிறு எரிந்தது. ஒளித்துச் சொல்வானேன்?

என் வீட்டுக்காரர் லூர்துசாமி ஓய்வு பெற்ற டவுன் பஸ் கண்டக்டர். செல்போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"போவியா?"

"போறேன்."

"அங்க போயி எதுவும் பேசாத."

"பேசத்தான் போறேன்."

"அப்போ நானும் வரேன்," என்றார். "சிதம்பரத்துல கத்திரிக்கா கொத்சு சாப்ட்டு ரொம்ப நாளாவுது."

எட்டுக்குப் பதினாறு

சபாநாயகத்தின் குடும்பத்துக்குச் சிதம்பரம் பக்கம் நிலம் நீச்சு உண்டு. அவர் தாத்தா நெல் போட்டார், அப்பா கரும்பு போட்டார். இவர் கணினி போடலாம் என்று கடலூருக்கு வந்தார். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து, பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, ஸ்குரூ முடுக்கி, மேலே 'தில்லை ஒன்று' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். தில்லை இரண்டு என்று ஒன்று வரவே இல்லை. காரணம் இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

அரசாங்கம் வாங்க வேண்டுமென்றால் திரையில் தமிழ் தெரிய வேண்டும். எஞ்சினியர் குமரவேல் அந்தக் கம்பெனியின் மொத்த மூளை. அவருக்கு எல்லாம் தெரியும், படம் வரைய மட்டும் வராது. அதனால் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் தற்காலிகம், மிஷின் பாஸானால் நிரந்தரம் என்றார் முதலாளி.

குமரவேல் ஒரு கிராஃப் நோட்டைக் கொடுத்தார். "மேரி, குறுக்க எட்டு கட்டம். நெடுக்க பதினாறு. ஒரு எழுத்து அதுக்குள்ள அடங்கணும். வேணும்னா கட்டத்த கருப்பாக்கு, வேணாம்னா உட்ரு. பாதிக் கட்டம் கெடையாது."

"வளைவுக்கு என்னா பண்றது?"

"வளைவே கெடையாது."

தமிழில் வளைவே கிடையாது! கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலீஷ்காரனுக்கு எல், டி, எச் என்று ஏணியும் கம்புமாக எழுத்து. எட்டுக் கட்டம் அவனுக்குத் தாராளம். நமக்கோ ண என்று ஒன்று இருக்கிறது. மூன்று சுழி, ஒரு கால். அதை எட்டுக் கட்டத்தில் அடைப்பது டவுன் பஸ்ஸில் கல்யாண கோஷ்டியை ஏற்றுவது போல. முதல் நாள் நான் வரைந்த ண-வைத் திரையில் பார்த்துவிட்டுக் குமரவேல் கேட்டார், "இது என்னா, ரயில்வே கேட்டா?"

தலையணை உறை

இனி வருவதுதான் அந்த எழுத்துருவின் உண்மையான வரலாறு. ஆராய்ச்சியாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் பங்கில் அந்தக் காலத்தில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் எல்லாம் தலையணை உறைக்குப் பூவேலை செய்வார்கள். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி வீதம் நூல் போட்டுக்கொண்டே போனால் ரோஜா வரும், கிளி வரும். பொறுமை இருந்தால் எழுத்தும் வரும். என் பங்குக்கு நான் 'கண்ணுறங்கு' என்று இரண்டு உறை தைத்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை அப்போது இன்னும் கிடைக்கவில்லை. உறை தயார்.

குமரவேல் ரயில்வே கேட் என்று சொன்ன அன்று வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்துப் பார்த்தேன். ண அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நானே தைத்ததுதான், எப்படித் தைத்தேன் என்று கவனித்ததில்லை. மூன்று சுழிக்கும் தனித்தனிச் சுவர் வைக்காமல், ஒன்றின் வலது சுவரே அடுத்ததன் இடது சுவராக, லைன் வீடு போல ஒட்டிக் கட்டியிருந்தேன். எண்ணினேன். பதினொரு தையல். எட்டில் அடங்காது.

மறுநாள் குமரவேலிடம் போய், அகலமான எழுத்துகளுக்கு எட்டுக் கட்ட அறை இரண்டு வேண்டும், பாதியை ஒன்றிலும் மீதியை இன்னொன்றிலும் வரைகிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஒட்டும்," என்றார்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. புள்ளியை ஒரு கட்டத்தில் வைத்தால் திரையில் கொசு மாதிரி மின்னி மறைந்தது. உறையில் நான் புள்ளிக்கு நான்கு தையல் போட்டிருந்தேன், இங்கேயும் நான்கு கட்டம் போட்டேன். ழ-வின் வால் கீழ்வரியில் போய் இடித்தது. வெட்டி, மடக்கி, உள்ளே தள்ளினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே, கட்டங்களுக்கு வெளியே, பென்சிலால் சின்னச் சிலுவை போட்டுத் தொடங்குவேன். அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

வரைந்து முடித்ததும் வரி வரியாக நான் கட்டங்களைப் படிப்பேன். கருப்புக்கு ஒன்று, வெள்ளைக்குப் பூஜ்யம். குமரவேல் தட்டிக்கொள்வார். மதியம் முழுக்க ஜெபமாலை சொல்வது போல ஒன்று பூஜ்யம் ஒன்று பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருப்போம். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னா, எழுத்து வருதா?" என்பார். அவருடைய வடிவமைப்புப் பணி பெரும்பாலும் இதுதான்.

பூஜ்யத்துக்கு ஒரு பிள்ளையார்

பெரும்பாலும் என்றேன். அவர் போட்ட எழுத்து ஒன்று உண்டு. அதை மறைத்தால் எனக்குப் பாவம் வரும்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு நாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பிள்ளையார் சுழி எங்க?"

"அது எழுத்துல சேராதுங்க சார்," என்றார் குமரவேல்.

"மளிக லிஸ்டுக்கே சுழி போட்டுத்தான் எழுதுறோம். இம்மாம் பெரிய மிஷினுக்கு வேணாமா? மொத அறை எது?"

"பூஜ்யம் நம்பர் அறை சார். அது காலியாத்தான் இருக்கணும்."

"காலியாத்தான இருக்கு? அங்க போடு."

சொன்னதோடு நிற்கவில்லை. என் நோட்டை வாங்கி, கட்டம் எதையும் மதிக்காமல், பால்பாயிண்ட் பேனாவால் பக்கம் கொள்ளும் அளவுக்கு ஒரு உ போட்டுக் கீழே இரண்டு கோடும் இழுத்தார். அதைக் கட்டத்துக்குள் கொண்டுவரும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எத்தனை தரம் கேட்டாலும் குமரவேல், "பூஜ்யம் வேணாம் சார், ஏதாவது ஆவும்," என்றுதான் சொன்னார். என்ன ஆகும் என்று அவருக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

என்ன ஆகும் என்பதை இப்போது நான் சொல்கிறேன். கணினியைப் போட்ட உடனே திரையில் எழுத எதுவும் இருக்காது. கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் அறை எண்தான், அதனால் எல்லா இடத்திலும் பூஜ்யம் என்ற எண் நிற்கும். பூஜ்யத்துக்கு உரிய அறை காலியாக இருந்தால் திரையும் காலியாக இருக்கும். அந்த அறையில் பிள்ளையார் குடியிருந்தால் திரை முழுக்கப் பிள்ளையார்தான்.

போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்பீர்கள். அதுவரை எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தான் திரையில் வரவழைத்துப் பார்த்திருந்தோம். எழுத்துகளைப் பதித்த சிப் சென்னையில் தயாராகி, கமிட்டி கூடும் அன்று காலைதான் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. குமரவேல் அதைப் பொருத்திவிட்டு சுவிட்சில் கை வைத்தார். முதலாளி ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார்.

"மொத மொத போடறது நல்ல நேரத்துல, நல்ல எடத்துல போடணும். பத்தரைக்கு மேல ராகு காலம். வண்டியில ஏத்து."

கவனக்குறைவு

ஆக, ராகு காலத்துக்குக் கால் மணி முன்னால், மாலை சூடிய திரையில் இரண்டாயிரம் பிள்ளையார்கள். பெரிய அதிகாரி கேட்டார், "இத யாரு பண்ணது?"

அந்த நிமிடம் வரை கடலூர் முழுக்க, 'எழுத்து எல்லாம் நானே உக்காந்து போட்டது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் முதலாளி. கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கம் கை காட்டினார்.

"இந்தப் பொண்ணுதான் சார். எழுத்து பூரா இவ வேலதான். எனக்கு ஒன்னும் தெரியாது."

"பேரு?"

"ஆரோக்கியமேரி," என்றேன்.

அதிகாரி கண்ணாடியை இறக்கி என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ கிறிஸ்டியன்தானே?"

"ஆமா சார்."

"ஒனக்கு எதுக்கு இத்தன பிள்ளையாரு?"

ஹாலே சிரித்தது. குமரவேல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயைத் திறக்கப் போனார், முதலாளி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சீலிங் ஃபேனை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியாம வந்துடுச்சு சார்," என்றேன்.

வேலை எப்படியும் போனது. இந்த மிஷின் வேண்டாம் என்று கமிட்டி எழுதிவிட்டது. சில மாதங்களில் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. குமரவேல் வெளிநாடு போனார், முதலாளி இறால் தீவனத்துக்கு மாறினார். இறாலுக்குச் சுழி போட்டாரா தெரியவில்லை. நான் ஒரு வீட்டுப் பிளான் ஆபீசில் சேர்ந்து, சமையலறையை அக்கினி மூலைக்கும் அங்கிருந்து வேறு மூலைக்கும் மாற்றி மாற்றி வரைந்தே ஓய்வு பெற்றேன்.

கமிட்டி எழுதிய குறிப்பின் கார்பன் நகல் கம்பெனிக்கு வந்தது. முதலாளி அதை என்னிடம் நீட்டி, "கிழிச்சுப் போட்ரு," என்றார். வாசித்தேன். 'எழுத்துகள் அனைத்தையும் வடிவமைத்தவர் செல்வி அ. ஆரோக்கியமேரி. இவரது கவனக்குறைவால் முதல் எழுத்து திரை முழுவதும் நிரம்புகிறது.'

முதல் வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதை வேறு யாரும் எழுதித் தரப் போவதில்லை என்று அன்றே தெரியும். பையில் போட்டுக்கொண்டேன்.

சிதம்பரத்தில்

கண்காட்சியை நடத்தியவர் நித்யா என்ற இளம் பேராசிரியை. நல்ல பெண். எழுத்து வடிவங்களைப் பற்றிப் படித்தவர். தில்லை ஒன்றை எங்கோ ஒரு குடோனில் கண்டெடுத்து, ஆள் வைத்து உயிர் கொடுத்திருந்தார். பக்கத்தில் அட்டை. 'வடிவமைப்பு: திரு. சபாநாயகம்'.

முன்வரிசையில் சால்வை போர்த்திய முதலாளி. எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் என்னைக் கவனிக்கவில்லை, நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

எழுத்துகளின் சதுரத் தன்மை கோயில் மதிலின் கல்வெட்டுகளிலிருந்து வந்திருக்கலாம் என்று நித்யா விளக்கினார். ண-வின் மூன்று சுழிகள் ஒரே சுவரைப் பகிர்வதில் ஒரு தத்துவம் இருப்பதாகவும் சொன்னார். என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"அந்தத் தத்துவத்து மேல முப்பது வருஷமா எண்ணெத் தலைய வெச்சித் தூங்குறேன்."

பிறகு சுவிட்சைப் போட்டார்கள். பச்சை. இரண்டாயிரம் பிள்ளையார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல்! செல்போன்கள் எல்லாம் மேலே எழுந்தன.

"உலகத்துலயே பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்கிற ஒரே கம்ப்யூட்டர் இதுவாத்தான் இருக்கும்," என்றார் நித்யா. "எவ்ளோ பெரிய யோசனை! ஐயா, இதை யாரு பண்ணது?" என்று மைக்கை நீட்டினார்.

"நான்தான்," என்றார் முதலாளி.

"எழுத்து எல்லாமே?"

"பூரா."

எழுந்தேன். வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்தார். "கொத்சு ஆறிப் போவும், வா." விடுவித்துக்கொண்டு நடந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த கார்பன் நகலை எடுத்து நித்யாவிடம் கொடுத்து, "இதக் கொஞ்சம் சத்தமா படிங்கம்மா," என்றேன்.

படித்தார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"மேரியா?"

"ஆமாங்க சார்."

"இத இன்னும் வெச்சிருக்கியா? அன்னிக்கே கிழிச்சுப் போடச் சொன்னேனே!"

மைக் அவர் வாயருகேதான் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்கி நான் பண்ணதா சொன்னீங்க. இன்னிக்கி நீங்க பண்ணதா சொல்றீங்க," என்றேன். "எது சார் நெசம்?"

முதலாளி மைக்கைத் தானே பிடித்துக்கொண்டார்.

"சுழி நான் போட்டது. மத்தது பூரா இந்தப் பொண்ணு." என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி ஆர்டரு போயிடும்னு பயம்மா."

"போயிடுச்சே சார்."

"போயிடுச்சு."

அவர் இப்படி ஒத்துக்கொள்வதற்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் போல. கோபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

நித்யா நகலையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆராய்ச்சிக்காரருக்கு ஆள் சொல்வதைவிடக் காகிதம் சொல்வதுதானே வேதம். "மேடம், இந்த டாக்குமெண்ட்படி முதல் எழுத்தும் உங்களோடதுதான். சுழிக்கும் உங்க பேரையே போட்டுடலாமா?"

அந்த ஹாலில் கைதட்டல் வாங்கிய ஒரே எழுத்து அதுதான். என் ண-வுக்கு யாரும் கை தட்டவில்லை. முதலாளியைப் பார்த்தேன். சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் போலவே.

"வேணாம்மா. அது சாரோடதுதான்," என்றேன். "நான் கிறிஸ்டியன். எனக்கு எதுக்கு இத்தன பிள்ளையாரு?"

முதலில் சிரித்தது முதலாளிதான். சிரித்துக்கொண்டே சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஹால் சிரித்தது. பின்வரிசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கை தட்டினார்.

நித்யா பழைய அட்டையை எடுத்துத் திருப்பி வைத்து, ஸ்கெட்ச் பேனாவைத் திறந்தார். எழுத்துகளுக்கு என் பெயர், சுழிக்கு அவர் பெயர் என்று ஏற்பாடு. இனிஷியலைக் கேட்டுக்கொண்டு எழுதக் குனிந்தவரை நாற்காலியிலிருந்து முதலாளியின் குரல் தடுத்தது.

"சுழி போட்டுட்டு எழுதும்மா."

நித்யா என்னைப் பார்த்தார்.

"போடுங்க," என்றேன். "ஒண்ணு மட்டும்."